கூழ்வத்தலும் பருவச்சொல்லும்

1

ஆக்லாந்தில் கோடை எப்போது தொடங்குகிறது என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். காலண்டரைப் பார்ப்பவர்கள் டிசம்பர் முதல் தேதி என்பார்கள். கடற்கரையோரம் வீடு வைத்திருப்பவர்கள் போஹுட்டுகாவா மரம் சிவப்பாகப் பூத்த அன்று என்பார்கள். மாசி என்ற புறநகர்ப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக் கணக்கு வேறு. என் மனைவி வளர்மதி பச்சரிசியை ஊறப்போட்டுவிட்டு, "அந்த டிராம்போலினைக் கழுவி விடுங்க" என்று என்னை விரட்டும் அன்றுதான் எங்களுக்குக் கோடை.

டிராம்போலின் எங்கள் மகள் கயல்விழி சின்னவளாக இருந்தபோது குதித்து விளையாட வாங்கியது, வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை. இந்த ஊரில் பிள்ளை இருக்கும் வீட்டின் பின்பக்கம் அது இல்லாமல் இருக்காது. இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது, குதிப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. அதன் மேல் என் பழைய வேட்டியை நனைத்து விரித்து, பச்சை மிளகாயும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய கூழைக் கரண்டியால் வட்டம் வட்டமாக ஊற்றினால், மேலே வெயில், அடியில் காற்று. இரண்டே நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். விருதுநகர் மொட்டை மாடியில்கூட இவ்வளவு மணல் படாமல் வத்தல் காய்ந்ததில்லை. இந்த யோசனை என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்கிறேன். தன்னுடையது என்று வளர்மதி சொல்லிக்கொள்கிறாள்.

எதிரி மழைதான். காலையில் மண்டையைப் பிளக்கிற வெயில் அடிக்கும், நம்பி ஊற்றிவிட்டு உள்ளே போய் ஒரு காப்பி குடிப்பதற்குள் மேகம் திரண்டுவிடும். அதனால் ஜனவரி முழுக்க எங்கள் வீட்டில் ஒரு கண் வானத்தைப் பார்த்தே இருக்கும்.

இந்தக் கூழ்வத்தல் ஒரு ஹைக்கூப் புத்தகத்துக்குள் நுழையப் பார்த்த கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் அதற்கு ஒரு முடிவு தெரிந்தது. இவனுக்கு அங்கே வேறு வேலையே இல்லையா என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அடுத்தவர்களின் சர்க்கரையையும் கொழுப்பையும் அளந்துகொண்டுதான் இருக்கிறேன். ஹைக்கூ மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்.

2

எனக்கும் ஹைக்கூவுக்கும் பழைய பழக்கம். தொண்ணூறுகளில் விருதுநகரில் கல்லூரிக்குப் போன எவனும் ஹைக்கூ எழுதாமல் தப்பியதில்லை. மூன்று வரி போதும் என்றால் யார்தான் விடுவார்கள்? கல்யாணப் பத்திரிகையில் ஹைக்கூ, ஆட்டோவின் முதுகில் ஹைக்கூ, சலூன் கண்ணாடியில் ஹைக்கூ. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். அதை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவரும் கடைசிப் பக்கத்தில் தன் ஹைக்கூ ஒன்றைப் போடச் சொன்னார், போட்டோம்.

எங்கள் ஹைக்கூவுக்கு ஒரு கட்டமைப்பு உண்டு. முதல் இரண்டு வரியில் ஆளை நிம்மதியாக உட்காரவைத்து, மூன்றாவது வரியில் பளாரென்று ஒன்று கொடுக்க வேண்டும். வரதட்சணை, தண்ணீர் வராத குழாய், ஓட்டுக் கேட்டு வந்தவர் என்று அடி வாங்காத ஆளே கிடையாது. கவியரங்கத்தில் படிக்கும்போது இரண்டு வரியைச் சொல்லி நிறுத்துவோம். கூட்டத்தைப் பார்ப்போம். மறுபடி அதே இரண்டு வரி. அப்புறம் கையை உயர்த்தி மூன்றாவது. "மறுபடியும்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்துவிட்டால் அன்றைக்குச் சோறு வேண்டாம். ஜப்பானில் பூவையும் பனியையும் பாடிக்கொண்டிருந்ததை நாங்கள் ரேஷன் கடை வரிசைக்குக் கூட்டிவந்தோம். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான், யார் என்ன சொன்னாலும்.

3

ஆக்லாந்தில் ஹைக்கூக் குழு ஒன்று இருப்பதைச் சொன்னவர் சிவபாலன் அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் அகதியாக வந்து, கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் ஏவன்டேலில் வாடகைக்கு இருந்த காலத்தில் ரயிலில் பழக்கம். நான் தமிழ்ப் பத்திரிகை படிப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர். "நீர் கவிதை எழுதுறனீரோ? அப்ப ஞாயிற்றுக்கிழமை எங்களோட வாரும். எல்லாம் வயசான சனம்தான், ஆனா நல்ல சனம்" என்றார்.

ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தை கலைந்த பிறகு, பக்கத்தில் ஒரு சமூகக் கூடத்தில் கூடுவார்கள். எட்டு ஒன்பது பேர். நடத்துபவர் ஹருக்கோ, கல்யாணமாகி ஜப்பானிலிருந்து இங்கே வந்து எழுபதைத் தாண்டிவிட்ட பெண்மணி. ஒடிசலான உடம்பு, ஆணி அடித்தது போன்ற பேச்சு. அடுத்து பீட்டர், தபால்காரராக இருந்தவர். மற்றவர்கள் வருவார்கள், போவார்கள்.

அவர்கள் கூடும் முறைக்குக் குகாய் என்று பெயர். ஜப்பானில் பரம்பரையாக நடப்பது. ஆளுக்கு இரண்டு சீட்டு. சீட்டுக்கு ஒரு கவிதை. பெயர் எழுதக் கூடாது. எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு, கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடாமல் இருக்க வேறொருவர் புதுத் தாளில் பிரதி எடுப்பார். தாள் சுற்றி வரும். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த மூன்றைத் தேர்ந்தெடுத்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். எல்லோரும் படித்து முடித்த பிறகுதான், "இது யாருடையது?" என்ற கேள்வி வரும். எழுதியவர் அப்போது தன் பெயரைச் சொல்வார். அதுவரை முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மேடை கிடையாது, பார்வையாளர் கிடையாது. அறைக்குள் இருப்பவர் யாராக இருந்தாலும் எழுதியாக வேண்டும்.

முதல் கூட்டத்தில் நான் எழுதியது வாடகை வீட்டு அனுபவம். இங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏஜென்டிடமிருந்து ஆள் வந்து வீட்டைப் பார்த்துப் போவார்கள். அன்றைக்கு வீடு மணக்கக்கூடாது.

ஆய்வாளர் வரும் நாள்
அலமாரிக்குள் ஒளிகிறது
ஊறுகாய் ஜாடி

ஆங்கிலத்தில்தான் எழுதினேன், இங்கே தமிழில் தருகிறேன். பீட்டர் அதைத் தேர்ந்தெடுத்தார். எனக்கு உள்ளுக்குள் மத்தளம். ஆனால் அவர் அதைப் படித்த விதம் இருக்கிறதே, மளிகைச் சாமான் லிஸ்ட்டை ஒப்பிப்பதுபோல ஒரே மூச்சில் முடித்துவிட்டார். ஒரு நிறுத்தம் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன். முதல் இரண்டு வரியைச் சொன்னேன். நிறுத்தினேன். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். மறுபடி சொன்னேன். கையை உயர்த்தி, "ஊறுகாய் ஜாடி!" என்று முடித்தேன்.

ஒரு டீ கரண்டி மட்டும் கோப்பையில் தட்டுப்பட்டது. சிவபாலன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. ஹருக்கோ சொன்னார்: "நன்றி. பீட்டர் படித்தபோதே எங்களுக்குக் கேட்டது. எழுதியவர் பெயரை மட்டும் கடைசியில் சொன்னால் போதும்."

திரும்பி வரும்போது சிவபாலன் அண்ணன், "பரவாயில்லை தம்பி, இண்டைக்குத்தான் அந்த மண்டபத்தில ஒரு மனுசச் சத்தம் கேட்டது" என்றார். ஆறுதலா கிண்டலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

4

ரோஷம் வந்தால் எனக்குப் படிப்பு வரும். ஹைக்கூ எங்கிருந்து வந்தது என்று நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்தபோதுதான், இத்தனை வருடம் நாங்கள் ஒரு வீட்டின் வாசலை மட்டும் பார்த்துவிட்டு வீட்டையே பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று தெரிந்தது.

முதலில் அது தனிக்கவிதையே இல்லை. பல பேர் ஓர் இடத்தில் கூடி, ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடுத்துக்கொண்டே போகும் தொடர்பாட்டு. அதன் தொடக்கப் பாட்டைப் பாடும் உரிமை வந்திருக்கும் விருந்தாளிக்கு. ஐந்து, ஏழு, ஐந்து என்று பதினேழு ஒலி. அதில் அந்த நேரத்தின் பருவம் வந்தாக வேண்டும். உங்கள் வீட்டுக்கு வந்தேன், உங்கள் தோட்டத்தில் இன்ன பூ பூத்திருக்கிறது, இன்ன காற்று வீசுகிறது என்று விருந்தாளி சொல்லும் வணக்கம் அது. வீட்டுக்காரர் அடுத்த பாட்டில் பதில் சொல்வார். காலப்போக்கில் அந்தத் தொடக்கப் பாட்டுக்கு மவுசு கூடி, அதை மட்டும் தனியாக எழுத ஆரம்பித்தார்கள். அதற்கு ஹைக்கூ என்ற பெயர் நிலைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான். ஜப்பானியர்கள் பெரும்பாலும் அதை மேலிருந்து கீழே ஒரே வரியாக எழுதுகிறார்கள். மூன்று வரியாக மடித்தது நம்மைப் போன்ற வெளியாட்கள். நடுவில் வெட்டுச்சொல் ஒன்று வரும். அது கவிதையை இரண்டு துண்டாக்கி, இடையில் ஒரு இடைவெளி விட்டுவிடும். அந்த இடைவெளியைப் படிப்பவர் நிரப்பிக்கொள்ள வேண்டும். மூன்றாவது வரியில் பளார் என்று எதுவும் அடிக்க வேண்டியதில்லை.

என்னைப் பிடித்துக்கொண்டது பருவச்சொல்தான். எந்தச் சொல் எந்தப் பருவத்தைச் சேர்ந்தது என்று ஜப்பானில் பெரிய பெரிய தொகுப்புகளே இருக்கின்றன. வானம், நிலம், விலங்கு, செடி, விழா, மனித வாழ்க்கை என்று பகுதி பகுதியாக. ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்து, இந்த நிலத்துக்கு இந்தப் பொழுது, இந்தப் பூ, இந்தப் பறவை, இந்த மனநிலை என்று இலக்கணமே எழுதிவைத்த வம்சம் நாம். எனக்கு இது புதிதா? கூட்டத்தில் இதைச் சொல்ல வாய் திறந்தேன். சிவபாலன் அண்ணன் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். ஆனாலும் சொல்லி முடித்தேன். ஹருக்கோ குறித்துக்கொண்டார்.

ஜப்பானியத் தொகுப்பு இந்த ஊருக்கு உதவாது. அங்கே டிசம்பர் பனி, இங்கே டிசம்பர் கடற்குளியல். அதனால் எங்கள் குழு ஆக்லாந்துக்கென்று ஒரு சிறு பருவச்சொல் தொகுப்பு போடுவது என்று முடிவானது. அதற்கு ஒரு விதி. ஒரு சொல் உள்ளே வர வேண்டும் என்றால், அந்தச் சொல்லை வைத்து எழுதிய கவிதை ஒன்றை, எழுதியவர் யாரென்று தெரியாமல் மூன்று பேராவது தேர்ந்தெடுக்க வேண்டும். இலையுதிர்காலத்தில் வீட்டு வாசல்களில் 'இலவசம்' என்று அட்டைப்பெட்டியில் வைக்கப்படும் ஃபெஜோவா பழம் சுலபமாக நுழைந்தது. சில்வண்டின் இரைச்சல் நுழைந்தது. நடுக்குளிர்காலத்தில் விடியுமுன் எழும் மத்தாரிக்கி, அதாவது நம் கார்த்திகை மீன் கூட்டம், நுழைந்தது.

ஜப்பானியத் தொகுப்பின் மனித வாழ்க்கைப் பகுதியைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். ஜப்பானில் முள்ளங்கி காயப்போடுவது குளிர்காலச் சொல். தோலுரித்த பழத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது இலையுதிர்காலச் சொல். எனக்கு ரத்தம் சூடேறியது. முள்ளங்கிக்கு இடம் உண்டு என்றால் கூழ்வத்தல் என்ன பாவம் செய்தது?

ஹருக்கோவிடம் கேட்டேன். அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "முள்ளங்கி காய்வதை ஜப்பானில் ரயிலில் போகிறவர்கூடப் பார்ப்பார். பார்த்ததும் குளிர் வந்துவிட்டது என்று நினைப்பார். பருவச்சொல் ஒருவருக்குச் சொந்தமாக இருக்க முடியாது. உங்கள் வத்தல் உங்கள் வீட்டில் காய்கிறது. ஒரு வீடு பருவம் ஆகாது."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது சுருக்கென்று தைத்தது. பதினாறு வருடம் இந்த ஊரில் வரி கட்டி, மார்ட்கேஜ் கட்டி, பிள்ளை வளர்த்திருக்கிறோம். நாங்கள் வெயிலில் காயப்போடுவது இந்த ஊரின் கோடையில் சேராதா? சேர்த்தே தீருவது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

5

அடுத்தடுத்த கூட்டங்களில் வத்தலைத் தவிர வேறு எதையும் நான் எழுதவில்லை. பொரித்து டப்பாவிலும் கொண்டுபோனேன். தட்டு காலியானது. பீட்டர் செய்முறையே கேட்டு எழுதிக்கொண்டார், ஆனால் ஓட்டுப் போடவில்லை.

வத்தலை இந்த ஊருக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு புதிதில்லை. ஏவன்டேல் வீட்டில் இருந்தபோது துணி காயப்போடும் கம்பி ஸ்டாண்டில் வத்தல் போட்டிருந்தோம். ஆய்வுக்கு வந்த பெண் படம் எடுத்து, 'துணியின் மேல் அடையாளம் தெரியாத வெள்ளைப் பொருள்' என்று அறிக்கையில் எழுதிவிட்டார். நான் இரண்டு பக்கத்துக்கு விளக்கம் அனுப்பினேன். வெயிலில் உலர்த்திய அரிசி என்று எழுதினால், அரிசி ஏன் நனைந்தது, கூரை ஒழுகுகிறதா என்று பதில் வந்தது. கடைசியில் ஒரு பிளம்பர் வந்து கூரையைப் பார்த்துவிட்டுப் போனார்.

கவிதையிலும் அதே கதைதான். என் முயற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது:

தாய்மண் வெயிலைத் தேடி
அந்நிய முற்றத்தில் காய்கிறது
அகதி வத்தல்

இதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. டீ குடிக்கும்போது சிவபாலன் அண்ணன் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, நான் கேக்கிறன் எண்டு குறை நினையாதையும். அகதியா வந்தவன் நான். ரெண்டு வருசம் பேப்பர் இல்லாமல் அலைஞ்சனான். வத்தல் எப்பிடியப்பா அகதியாகும்? அது உம்மட டிராம்போலினில சொகுசாக் கிடக்குது."

சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார். ஆனால் அடுத்த மாதமும் ஏறக்குறைய அதையேதான் எழுதினேன். 'அகதி' போய் 'ஏக்கம்' வந்தது, அவ்வளவுதான்.

வீட்டில் கயல்விழி வேறு. பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், வார இறுதியில் ஒரு மாலில் துணிக்கடையில் வேலை. கடையில் அவள் சட்டையில் குத்தியிருக்கும் பெயர் 'கே'. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பத்து வயதில் தமிழ்ப் பள்ளிக்கு வர மாட்டேன் என்று காரை விட்டு இறங்காமல் இருந்தவள். நான் மேசையில் விட்டுப்போன சீட்டைப் படித்துவிட்டு வந்து நின்றாள்.

"அப்பா, வத்தலை ஏன் எப்பப் பார்த்தாலும் அழ வைக்கிறீங்க?" ஆங்கிலத்தில்தான் கேட்டாள். "அது ஒரு ஸ்நாக். அதைப் போடுற அன்னைக்கு நம்ம வீட்ல எல்லாரும் ஜாலியா இருப்போம். நீங்க கூழைத் திருடித் தின்னு அம்மாகிட்ட திட்டு வாங்குவீங்க. இதுல ஏக்கம் எங்க இருக்கு?"

"உனக்கு என்னடி தெரியும்? அது எங்களுக்கு என்னன்னு உனக்குப் புரியாது" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"எங்களுக்குன்னா? நானும் இந்த வீட்லதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். இரண்டு நாள் பேசவில்லை.

வளர்மதி என்னைப் பார்த்த பார்வையில் எந்தப் பக்கம் என்று தெரிந்தது. "நீங்க எழுதுறது நம்ம வீட்டு வத்தல் மாதிரியே இல்லைங்க" என்று மட்டும் சொன்னாள்.

6

போன ஞாயிறுதான் அச்சுக்குப் போகும் முன் கடைசிக் கூட்டம். அன்று எதுவும் நடக்கவில்லை என்றால் தொகுப்பில் வத்தல் கிடையாது. என் கார் ஒர்க் ஷாப்பில் இருந்தது. கயல்விழிக்கு அன்று காலை ஷிஃப்ட் மட்டும். தன் காரில் கொண்டுவந்து இறக்கியவள், முடிந்ததும் கூட்டிப்போகக் காத்திருக்கிறேன் என்று உள்ளே வந்து டீ மேசைப் பக்கம் உட்கார்ந்தாள். ஹருக்கோ அவளிடமும் இரண்டு சீட்டையும் ஒரு பென்சிலையும் கொடுத்தார்.

"இங்கே சும்மா உட்கார முடியாது" என்றார்.

"எனக்கு ஹைக்கூ எல்லாம் தெரியாது" என்றாள் கயல்விழி.

"நல்லது" என்றார் ஹருக்கோ.

அவளுடைய பென்சிலைக் கவனிக்கும் நிலையில் நான் இல்லை. என் இரண்டு சீட்டும் வத்தல்தான். ஒன்றில் நிலவைக்கூட இழுத்துவந்திருந்தேன். தாள் சுற்றி வந்தபோது முதலில் என்னுடையவற்றைத் தேடிக் கண்டுபிடித்தேன். மூன்றாவதாக இன்னொரு வத்தல் கவிதையும் தாளில் இருந்தது. சிவபாலன் அண்ணன் எனக்குக் கைகொடுக்க எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

படிக்க ஆரம்பித்தார்கள். முதலில் பீட்டர். அவருக்கே உரிய அந்தத் தபால்காரக் குரலில் படித்தார்:

கருமேகம்
வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து
"வத்தல்! வத்தல்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் முகத்தைக் கல்லாக வைத்திருந்தேன். உண்மையிலேயே கல்லாகத்தான் இருந்தது. அடுத்து சிவபாலன் அண்ணன் தேர்ந்தெடுத்த மூன்றில் அதுவும் இருந்தது. படித்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"கெட்டிக்காரன் தம்பி. இப்பத்தான் எழுதியிருக்கிறீர்."

"நான் இல்லண்ணே. நீங்கதான்னு நெனச்சேன்."

"நானோ? எனக்கு உங்கட வேலிக்கு அங்கால ஆர் இருக்கினம் எண்டே தெரியாதே!"

எனக்குத் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சியோனே. டோங்காக்காரர், பஸ் ஓட்டுகிறார், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. சில வருடங்களுக்கு முன் நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தபோது மழை வந்துவிட்டது. வீடு திரும்பிப் பார்த்தால் வேட்டியோடு மொத்த வத்தலும் அவருடைய கார் நிறுத்தும் கூரைக்கடியில் பத்திரமாக இருந்தது. அதிலிருந்து அவருக்குத் தனி அக்கறை. வானம் கறுத்தால் எங்களுக்கு முன்னால் அவர் பார்த்துவிடுவார். வேலிக்கு மேல் தலை தெரியும், "வத்தல்! வத்தல்!" என்று தெருவே அதிரும். அவருடைய பேரப்பிள்ளைகள் வேலியில் உள்ள சந்து வழியாக ஓடிவந்து ஆளுக்கொரு முனையைப் பிடிப்பார்கள். எதிர்வீட்டு அம்மாள் தன் கொடியில் கிடக்கும் துணியை எடுப்பதுகூட அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான். பொரித்த வத்தலில் பாதி சியோனே வீட்டுக்குப் போகிறது.

இத்தனை வருடமாகக் கண்ணெதிரே நடப்பது. என் ஒரு கவிதையில்கூட அவர் இல்லை. நான் நிலவையும் தாய்மண்ணையும் தேடிக்கொண்டிருந்தேன்.

கடைசியாகப் படித்தவர் ஹருக்கோ. அவர் தேர்ந்தெடுத்ததில் முதலாவது அதுதான். படித்து முடித்துத் தாளைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: "இது யாருடையது?"

மறுபடி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இல்லை என்று தலையாட்டினேன். டீ மேசைப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"கயல்விழி."

முழுப் பெயர். ஆங்கிலம் பேசும் ஓர் அறையில் அந்தப் பெயரை அவள் முழுசாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பீட்டர் மெதுவாக மேசையைத் தட்டினார். என் கவிதைகள் இரண்டையும் யாரும் எடுக்கவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது, வந்தும் வருத்தமே இல்லை. நானும் மேசையைத் தட்டினேன்.

மூன்று பேர் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. ஹருக்கோ தொகுப்பின் கையெழுத்துப் பிரதியை எடுத்து, மனித வாழ்க்கைப் பகுதியைப் பிரித்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரி விளக்கம் உண்டு. அதைச் சொல்லும் உரிமை கவிதை எழுதியவருக்குத்தான். என் சட்டைப் பையில் அரைப் பக்கம் தயாராக இருந்தது. அரிசி, பச்சை மிளகாய், தென் தமிழ்நாடு, பாரம்பரியம் என்று. நான் பையில் கைவைத்தேன். சிவபாலன் அண்ணன் என் காலை மிதித்தார். இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டேன்.

கயல்விழி பென்சிலைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு யோசித்தாள்.

"கோடை. எங்கள் தெருவில் காயப்போடுவது."

ஹருக்கோ நிமிர்ந்தார். "எங்கள் வீட்டில் என்றுதானே இருக்க வேண்டும்?"

"இல்லை" என்றாள் என் மகள். "எங்கள் தெருவில்."

ஹருக்கோ என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.